பூவாங்குறுந்தலை அடையாளம் காண்பது எப்படி? சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடகிழக்குப் பருவமழை கொஞ்சம் ஓய்ந்ததும் சென்னையில் காலி மனை, மைதான ஓரம், புதர்க்காட்டு விளிம்பு என்று எங்கே பார்த்தாலும் ஒரு சின்ன ஊதாப் பூ தலைகாட்டும். அதுதான் பூவாங்குறுந்தல். எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவிலும், ஞாயிற்றுக்கிழமை செடி பார்க்கக் கூட வருபவர்களிடமும் இதைப் பற்றி வருஷா வருஷம் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளைப் போட்டு, பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

சார், பூவாங்குறுந்தல்னா எது? நான் பார்த்திருப்பேனா?

சென்னையில் இருக்கிறீர்கள் என்றால் பார்த்திருப்பீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள். நிமிர்ந்து நிற்கும் மெலிந்த செடி, முழங்கால் உயரத்துக்கு முன்னே பின்னே இருக்கும். தண்டில் நீளவாக்கில் கோடுகள் ஓடும், மேலே சாம்பல் நிறத்தில் மெல்லிய ரோமம் இருக்கும். உச்சியில் தண்டு பல கிளையாகப் பிரிந்து ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒரு குட்டி ஊதாக் குஞ்சம் நிற்கும். குஞ்சத்தின் அகலம் ஒரு சென்டிமீட்டர்கூட வராது.

நெய்ச்சட்டிக் கீரை, சீதேவி செங்கழுநீர் என்றும் இதைச் சொல்வார்கள், வடமொழியில் சகதேவி. கேரளத்தில் தசபுஷ்பம் என்று பத்துச் செடிகளைச் சேர்த்துச் சொல்வார்களே, அதில் இதுவும் ஒன்று. செயலிகளில் தேடுபவர்களுக்கு: இப்போதைய அறிவியல் பெயர் சயாந்தில்லியம் சினெரியம். 1990 வரைக்கும் வெர்னோனியா சினெரியா என்றுதான் இருந்தது, பழைய தாவர நூல்களிலும் மூலிகைக் கட்டுரைகளிலும் அந்தப் பெயரே கிடைக்கும். இரண்டும் ஒரே செடிதான்.

இது ஆஸ்டர் வகைன்னு சொல்றீங்க. ஆஸ்டர்னா கோயம்பேட்டுல கூடை கூடையா விக்கிறதுதானே?

கோயம்பேட்டில் விற்பது சீன ஆஸ்டர். சீனா, கொரியா பக்கத்துச் செடி, தோட்டப் பயிராக இங்கே வந்தது. பூவாங்குறுந்தலும் அதுவும் ஒரே குடும்பம், அவ்வளவுதான் உறவு. ஆஸ்டர் குடும்பம், அதாவது சூரியகாந்திக் குடும்பம், பூக்கும் தாவரங்களில் மிகப் பெரிய குடும்பங்களில் ஒன்று. சாமந்தி, செண்டுமல்லி, கரிசலாங்கண்ணி, பார்த்தீனியம் எல்லாம் அதற்குள்தான்.

ஆஸ்டர் என்று நேராகப் பெயர் வாங்கிய காட்டுச் செடிகள் இமயமலை மாதிரிக் குளிர்ந்த இடங்களில் இருக்கின்றன. சென்னைச் சமவெளியில் அவற்றைத் தேடிப் பயனில்லை. இங்கே 'காட்டு ஆஸ்டர்' என்று யாராவது படம் போட்டால் அது பெரும்பாலும் பூவாங்குறுந்தலாகவோ அதன் பங்காளிகளில் ஒன்றாகவோ இருக்கும்.

பூ இத்தனூண்டு இருக்கு. இதுல எதைப் பார்த்து அடையாளம் சொல்றது?

இந்தக் குடும்பத்தில் நாம் ஒரு பூ என்று நினைப்பது ஒரு பூ கிடையாது, பல பூக்கள் நெருக்கி உட்கார்ந்த ஒரு கொத்து. பாடப் புத்தகத்தில் தலைமஞ்சரி என்று படித்திருப்பீர்கள். சூரியகாந்தியில் ஓரத்தில் இதழ் மாதிரி நீட்டிக்கொண்டிருப்பவை ஒரு வகைச் சிறுபூ, நடுத் தட்டில் நிறைந்திருப்பவை இன்னொரு வகை. பூவாங்குறுந்தலில் ஓர இதழ் வகை கிடையவே கிடையாது. எல்லாமே ஐந்து முனையாகப் பிளந்த குட்டிக் குழாய்கள், ஒரு தலையில் இருபதுக்கு முன்னே பின்னே இருக்கும்.

அப்புறம் தலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். இந்தப் பக்கம் முழுக்க நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது இதுதான். கொத்தைத் தாங்கிப் பிடிக்கும் பச்சைச் செதில்கள் அங்கே இருக்கும். நிறம் ஏமாற்றும், அளவு ஏமாற்றும், வெயிலில் இதழ் வெளிறும், செதில்கள் அப்படி மாறுவதில்லை. பூவாங்குறுந்தலில் செதில்கள் குறுகலாக, கூர் நுனியோடு, நாட்டு ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்கில் இருக்கும். வெளியடுக்கு குட்டை, உள்ளே போகப் போக நீளம். மேலே ரோமம் இருக்கும், நுனியில் பல சமயம் ஊதாச் சாயல் ஓடும்.

எங்க போனா பார்க்கலாம், எந்த மாசத்துல?

வருஷம் முழுக்கப் பூக்கும். ஆனால் பழகுவதற்கு நல்ல காலம் நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. மழை ஈரத்தில் முளைத்ததெல்லாம் அப்போதுதான் உயர்ந்து, மொட்டு, பூ, விதைப் பஞ்சு மூன்றும் ஒரே செடியில் கிடைக்கும். சித்திரை வெயிலில் பார்த்தால் காய்ந்த குச்சியும் பறக்காமல் மிச்சமிருக்கும் பஞ்சும்தான்.

இடம் என்றால், முதலில் உங்கள் தெருவில் கட்டடம் வராத மனையைப் பாருங்கள். காட்டுச் சூழலில் பார்க்க ஆசை என்றால் சென்னையின் பழைய உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சங்கள் கிண்டி, நன்மங்கலம், வண்டலூர்ப் பக்கம் இருக்கின்றன. அடர்ந்த நிழலுக்குள் இது அதிகம் போகாது. மரத்தடி நிழலும் வெயிலும் மாறி மாறி விழும் பாதை ஓரம்தான் இதற்குப் பிடித்த இடம். அங்கே வளரும் செடி கொஞ்சம் உயரமாக, இலை அகலமாக இருக்கும். வெட்டவெளியில் நிற்பது குட்டையாக, நரைத்த மாதிரித் தெரியும். இரண்டு வேறு செடி என்று சண்டை போட வேண்டாம்.

கையில ஒரு செடி இருக்கு. எந்த வரிசையில பார்க்கணும், சுருக்கமா சொல்லுங்களேன்

முதலில் இலை தண்டில் எப்படி அமர்ந்திருக்கிறது என்று பாருங்கள். பூவாங்குறுந்தலில் ஒரு கணுவுக்கு ஓர் இலை, மாறி மாறி வரும். எதிரெதிராக ஜோடி ஜோடியாக இருந்தால் அப்போதே இது இல்லை என்று விட்டுவிடலாம். இந்த ஒரு சோதனையிலேயே சென்னைத் தெருவில் இருக்கும் போலிகளில் பாதி கழிந்துவிடும். பார்க்கும்போது தண்டின் நடுப்பகுதியைப் பாருங்கள், உச்சியைப் பார்க்காதீர்கள். ஏன் என்று அப்பக்கொடியைப் பற்றிய பதிலில் வருகிறது.

அடுத்து இலை வடிவம். கீழ் இலைகளுக்குக் காம்பு உண்டு, முட்டை வடிவம், ஓரம் லேசாக அலைந்தோ ஆழமில்லாத பல்லோடோ இருக்கும். மேலே போகப் போக இலை சிறுத்து, குறுகி, காம்பே இல்லாத மாதிரி ஆகிவிடும். பிறகு ஓர் இலையைக் கசக்கி முகருங்கள், பச்சை வாசனையைத் தவிரப் பெரிதாக ஒன்றும் வரக்கூடாது. கிள்ளிய இடத்தில் பால் வடியக்கூடாது. கடைசியாக மேலே சொன்ன அடிச் செதில்கள். இவ்வளவும் ஒத்துப்போனால் பெயரை எழுதிவிடலாம்.

இதுக்கும் முயல்செவிக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் ஊதாதான், ரெண்டும் ஒரே இடத்துல முளைக்குது

அதிகம் குழப்புவது இந்த ஜோடிதான். இரண்டும் நம் நாட்டுச் செடிகள், இரண்டும் தசபுஷ்பத்தில் இருப்பவை, இரண்டிலும் இலை மாறி மாறி வரும், இரண்டிலும் ஓர இதழ் கிடையாது. ஆகவே இலை அடுக்குச் சோதனை இங்கே உதவாது.

தலையைத் திருப்பினால் சங்கதி முடிந்தது. முயல்செவியில் செதில்கள் ஒரே ஒரு வரிசை. எல்லாம் ஒரே நீளம், ரோமமில்லாமல் வழவழவென்று, பக்கத்துப் பக்கமாக ஒட்டி ஒரு நீண்ட பச்சைக் குழாய் மாதிரி நிற்கும். அடியில் கொஞ்சம் உப்பலாக இருக்கும். அந்தக் குழாயின் வாயில் இளஞ்சிவப்போ ஊதாவோ கொஞ்சமாக எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான் பூ. பூவாங்குறுந்தலில் சிறுபூக்கள் செதில்களைத் தாண்டி நன்றாக விரிந்து நிற்கும்.

இலையிலும் தெரியும். முயல்செவியின் மேல் இலைகள் அடியில் காது மடல் போல விரிந்து தண்டைக் கட்டிப்பிடித்திருக்கும். கீழ் இலைகள் முள்ளங்கி இலை மாதிரி மடல் மடலாக வெட்டுப்பட்டிருக்கும், நுனி மடல் பெரிது. ஒரு கிளையில் சில தலைகள்தான் இருக்கும், பூவாங்குறுந்தலில் கொத்தாக நிறைய இருக்கும்.

அப்பக்கொடியா, பூவாங்குறுந்தலா? எங்க வீட்டுப் பின்னாடி இருக்கறது கொஞ்சம் நாத்தம் அடிக்குது

நாற்றம் அடித்தால் அநேகமாகப் பதில் கிடைத்துவிட்டது. அஜெரேட்டம் என்கிற அப்பக்கொடி, வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த களை. இலையைக் கசக்கினால் ஆட்டுக் கிடா வாடை என்று சொல்வார்கள், எனக்கு அது அவ்வளவு மோசமாகத் தோன்றுவதில்லை, ஆனால் தவறவிட முடியாத வாடை. பூ நீலம் கலந்த வெளிர் ஊதா அல்லது வெள்ளை, தலைகள் நெருங்கித் தட்டையாக உட்கார்ந்து, தூரத்திலிருந்து பஞ்சு மாதிரித் தெரியும்.

இலைகள் எதிரெதிர். ஆனால் உச்சிக்குப் பக்கத்தில் சில இலைகள் மாறி மாறி வந்துவிடும், அதைப் பார்த்துத்தான் பலர் தடம் மாறுகிறார்கள். அதனால்தான் தண்டின் நடுவைப் பார்க்கச் சொன்னேன். விதையும் கை கொடுக்கும். பூவாங்குறுந்தல் விதை உச்சியில் வெள்ளைப் பட்டு ரோமக் கற்றை இருக்கும், அப்பக்கொடி விதையில் ரோமத்துக்குப் பதில் கூர் நுனியுள்ள ஐந்து சின்னச் செதில்கள்.

தாத்தா பூவும் இதே குடும்பமா?

ஆமாம். 'தாத்தா தாத்தா தலையைக் கொடு' என்று சுண்டிவிட்டு விளையாடினோமே, அந்த வெட்டுக்காயப் பூண்டுதான். நீண்ட ஒற்றைக் காம்பின் நுனியில் மஞ்சள் நடு, சுற்றிலும் மூன்று பல்லாகப் பிளந்த வெளிர் இதழ்கள், எதிரெதிர் இலை. பூவாங்குறுந்தலோடு குழப்ப வழியே இல்லை. ஊரெங்கும் பரவிக் கிடப்பதால் நம்முடையது என்று நினைக்கிறோம், சொந்த ஊர் மத்திய அமெரிக்கப் பக்கம்.

மஞ்சளா பூக்கறதெல்லாம் மஞ்சள் கரிசலாங்கண்ணின்னு எங்க மாமியார் பறிச்சுட்டு வர்றாங்க, சரியா?

சரியில்லை, இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். சென்னையில் சாலை நடுத்திட்டு, அலுவலக வளாகம், பூங்கா ஓரம் எல்லாவற்றிலும் பாய் விரித்த மாதிரிப் படர்ந்திருக்கும் மஞ்சள் பூ பெரும்பாலும் வெடிலியா என்று நர்சரிக்காரர்கள் விற்கும் அமெரிக்கக் கொடி. இலை பளபளப்பாகத் தடித்திருக்கும், இரண்டு பக்கமும் ஒரு மடல் நீட்டி மூன்று மடலாகத் தெரியும். மூலிகையான மஞ்சள் கரிசலாங்கண்ணி அதற்கு நெருங்கிய சொந்தம், பூவை மட்டும் பார்த்தால் எனக்கே சட்டென்று பிரித்துச் சொல்ல வராது. இலை நீளமாக, மடல் இல்லாமல் இருக்கும், ஈரமான இடத்தில் வளரும். மாமியாரிடம் பூவை விட்டுவிட்டு இலையைப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் நடுத்திட்டில் பறிப்பது வேண்டாம், வாகனப் புகையும் பூச்சிமருந்தும் அதில்தான் படிகிறது.

பெசன்ட் நகர், கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் மணலோடு ஒட்டி ஓடும் கொடியில் மஞ்சள் பூ கிடைத்தால் அது வேறு. எழுத்தாணிப் பூண்டு, நாட்டுச் செடி. கிள்ளினால் பால் வரும், தலையில் எல்லாச் சிறுபூவும் நாக்கு மாதிரித் தட்டையானவை. கணுவுக்குக் கணு வேர் விட்டு மணலைப் பிடித்து வைத்திருக்கும், அதைப் பிடுங்காதீர்கள்.

எங்க அபார்ட்மென்ட்ல மாடியிலேர்ந்து பச்சைத் திரை மாதிரி தொங்குற கொடியை வெர்னோனியான்னு சொல்றாங்க. அதுவும் இதுவும் ஒண்ணா?

ஒன்றில்லை, ஆனால் கேள்வி நல்ல கேள்வி. கர்ட்டன் க்ரீப்பர் என்று விற்கும் அந்தக் கொடி மியான்மர், தாய்லாந்துப் பக்கத்துச் செடி. அதையும் பூவாங்குறுந்தலையும் முன்பு வெர்னோனியா என்ற ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள், பிற்பாடு இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டார்கள். நர்சரியில் இன்னும் பழைய பெயரே ஓடுகிறது. அது மரத்தண்டுள்ள கொடி, இது பூண்டு. எங்கேயும் குழப்பம் வராது, பெயர்ப் பலகையைத் தவிர.

ஊதா உருண்டையா இருந்தா எல்லாம் இந்தக் குடும்பம்தானே?

இல்லை. தொட்டாற்சிணுங்கியின் உருண்டை அவரைக் குடும்பம், வெளியே நீட்டியிருப்பவை மகரந்தத் தாள்கள். வாடாமல்லி கீரைக் குடும்பம், தொட்டால் காகிதம் மாதிரி மொறமொறவென்று இருக்கும்.

இந்தக் குடும்பத்திலேயே நிஜமான ஊதா உருண்டை கொட்டைக்கரந்தை. செங்கல்பட்டு, திருவள்ளூர்ப் பக்கம் அறுவடை முடிந்த வயலிலும் நீர் வற்றிய ஏரிப் படுகையிலும் தை, மாசியில் தரையோடு படர்ந்து கிடக்கும். தண்டின் இரண்டு பக்கமும் இலையின் நீட்சி இறக்கை மாதிரி ஓடும், கசக்கினால் கமகமவென்று இருக்கும். தண்டில் இறக்கையைப் பார்த்துவிட்டால் வேறு எதுவும் பார்க்கத் தேவையில்லை.

பறிச்சுப் பார்க்கலாமா? கிண்டி காட்டுக்குள்ள போய்த் தேடலாமா?

கிண்டி 1978 முதல் தேசியப் பூங்கா. சிறுவர் பூங்காப் பகுதிக்குச் சீட்டு வாங்கிப் போகலாம், காட்டுப் பகுதிக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது. அனுமதி கிடைத்தாலும் உள்ளே இலையைக்கூடக் கிள்ளக் கூடாது. நன்மங்கலம் காப்புக்காட்டுக்கும் அதே மரியாதைதான். அங்கே கசக்கி முகரும் சோதனையை விட்டுவிட்டு, குனிந்து பாருங்கள், படம் எடுங்கள், போதும்.

காலி மனையில் முளைத்ததை ஒரு கிளை கிள்ளிப் பார்ப்பதில் தப்பில்லை, நாளைக்கு ஜேசிபி வந்தால் மொத்தமும் போகப்போகிறது. ஒன்று மட்டும், அந்த மனையில் பார்த்தீனியமும் இருக்கும். இலை கேரட் இலை மாதிரிக் கிழிந்து கிழிந்து, உச்சியில் பொடி வெள்ளைப் பூக்களோடு நிற்கும். அதை வெறுங்கையால் தொடாதீர்கள், தோல் அரிப்பும் மூச்சுத் தொந்தரவும் பலருக்கு வருகிறது.

கூகுள் லென்ஸ் ஒவ்வொரு தடவையும் வேற பேர் சொல்லுதே, எதை நம்பறது?

மேலிருந்து எடுத்த ஒரு ஊதாப் புள்ளியைக் கொடுத்தால் அது என்ன செய்யும், பாவம். ஊதாப் புள்ளியாகத் தெரியும் செடிகள் உலகத்தில் ஏராளம். படத்தை மாற்றுங்கள். பூத்தலையைப் பக்கவாட்டில், செதில்கள் தெரியும்படி ஒன்று. தண்டின் நடுவில் இலை சேரும் இடம் ஒன்று. கீழ் இலையின் மேல்புறமும் அடிப்புறமும். முழுச் செடி. விதைப் பஞ்சு இருந்தால் அதுவும். காற்றில் ஆடும் என்பதால் தண்டை இன்னொரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள், காலை ஏழு மணி வெளிச்சத்தில் எடுத்தால் ரோமம்கூட விழும்.

பார்த்த செடி, பூச்சிகளைப் படத்தோடு பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் இந்த ஐந்தையும் ஒரே பதிவில் போட்டால் தெரிந்தவர்கள் வந்து சரிபார்ப்பார்கள். செயலி சொல்வதை ஒரு யோசனையாக எடுத்துக்கொண்டு செதிலை நீங்களே எண்ணுங்கள், அடுக்கு ஒன்றா பலவா என்று. அதற்கு நெட்வொர்க் தேவையில்லை.

நெய்ச்சட்டிக் கீரைன்னு பேரே கீரைன்னு இருக்கே, சமைச்சு சாப்பிடலாமா?

சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் காய்ச்சலுக்குச் சேர்க்கும் மூலிகை இது. தாய்லாந்தில் புகைப் பழக்கத்தைக் குறைக்க இதை அதிகாரபூர்வமான மூலிகை மருந்துப் பட்டியலிலேயே வைத்திருக்கிறார்கள். ஆனால் அடையாளம் பழகிக்கொண்டிருக்கும் ஒருவர் தானாகப் பறித்துச் சமைப்பதற்கு நான் சரி என்று சொல்ல மாட்டேன்.

காரணம் செடியைவிடப் பக்கத்துச் செடிதான். இதோடு குழம்பும் முயல்செவியிலும் அப்பக்கொடியிலும் பைரோலிசிடைன் ஆல்கலாய்டுகள் என்ற சேர்மங்கள் இருக்கின்றன, ஈரலைக் கெடுப்பவை. ஒரு வேளையில் ஒன்றும் தெரியாது, தொடர்ந்து சாப்பிட்டால்தான் பிரச்சினை, அதனாலேயே கவனிக்காமல் விடுவார்கள். ஒரு கட்டுக் கீரையில் இரண்டு கிளை மாறி வந்தால் கண்டுபிடிக்க ஆள் இல்லை. மருந்துக்கு வேண்டுமென்றால் சித்த மருத்துவரிடம் போங்கள்.

இது நாட்டுச் செடியா, களையா? தோட்டக்காரர் பிடுங்கிப் போடறார்

இரண்டும்தான். ஆப்பிரிக்கா, ஆசியாவின் வெப்பப் பகுதிகள் இதன் சொந்த மண், நம் ஊர் அதில் அடக்கம். இதே செடி அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வெளியூர்க் களை. இங்கே புல்தரையில் முளைத்தால் தோட்டக்காரருக்குக் களை, சின்னப் பட்டாம்பூச்சிகளுக்கும் கொசுத் தேனீக்களுக்கும் தேன் கிடைக்கும் இடம்.

விட்டு வைக்க ஆசைப்பட்டால் மதில் ஓரமாக ஒரு அடி அகலத்துக்கு மட்டும் புல்வெட்டி ஓட்ட வேண்டாம் என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். விதை தானாகப் பறந்து வந்து முளைக்கும், காட்டிலிருந்து பெயர்த்து வர அவசியமே இல்லை. எங்கள் குடியிருப்பில் இந்த ஒரு அடிக்காகச் சங்கக் கூட்டத்தில் பேச்சு நடந்தது, கொசு வரும் என்பதுதான் எதிர்த்தரப்பு வாதம். தண்ணீர் தேங்காத இடத்தில் செடி நின்றால் கொசு பெருகாது என்று சொல்லி முடிப்பதற்குள் பேச்சு கார் நிறுத்தும் இடத்துக்குப் போய்விட்டது.

என் செடி ஒரு விரல் உயரம்தான், ஆனா பூத்திருக்கு. இது வேற வகையா?

அதே வகைதான். புல்வெட்டி அடிக்கடி ஓடும் மைதானத்திலும், நடைபாதைக் கல் இடுக்கிலும் அப்படித்தான் குட்டையாகப் பூக்கும். உயரத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். தலையின் அளவும் செதில் அடுக்கும் மாறாது.

நேர்மாறா, இடுப்பு உயரத்துல பெரிய ஊதாத் தலையோட ஒண்ணு பார்த்தேன். உரம் போட்ட பூவாங்குறுந்தலா?

செடி உயரமாகலாம், தலை பெருக்காது. தலை ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் அகலம், செதில்களில் வெளியடுக்கு இலை மாதிரிப் பச்சையாக விரிந்து நிற்கிறது, இலை ஓரம் ரம்பப் பல்லாக இருக்கிறது என்றால் அது காட்டுச்சீரகம். அதுவும் இந்தப் பக்கத்துச் செடி, பூவாங்குறுந்தலுக்கு நெருங்கிய பங்காளி. விதைப் பஞ்சைப் பார்த்தால் சந்தேகம் தீரும், அதில் ரோமம் செம்பழுப்பு, சீக்கிரம் உதிர்ந்துவிடும். பூவாங்குறுந்தலில் தூய வெள்ளை.

பூந்தொட்டியிலோ பூங்காப் பாத்தியிலோ குட்டையாக, புதராக, வெளியடுக்கு இலைச் செதிலோடு ஊதாப் பொத்தான் மாதிரி இருந்தால் அது நர்சரியில் கிடைக்கும் பிரேசில் பட்டன். கசக்கினால் பழ வாசனை வரும். வேலிக்கு வெளியே தானாக முளைத்ததா, பாத்திக்குள் நட்டதா என்று கேட்டாலே பாதிக் குழப்பம் போய்விடும்.

எல்லாம் ஒத்துப்போகுது, ஆனா தண்டு பிசுபிசுன்னு இருக்கு, கற்பூர வாடை வருது. இப்ப என்ன சொல்றீங்க?

புளூமியா என்று சொல்கிறேன். உண்மையாகவே கஷ்டமான ஆள் இவர்தான். இலை மாறி மாறி வரும், ரோமம் நிறைந்த சாம்பல் பச்சை, செதில்கள் பல அடுக்கு, ஓர இதழ் இல்லை, விதையில் வெள்ளைப் பஞ்சு. நான் கொடுத்த சோதனைகளில் முக்கால்வாசியைத் தாண்டி வந்துவிடும். புளூமியாவில் பல இனங்கள் மஞ்சளாகப் பூக்கும், அவை தொல்லையில்லை. வெளிர் ஊதாவாகப் பூக்கும் இனம்தான் தொல்லை.

மூக்கும் விரலும்தான் இங்கே துணை. பிசுபிசுப்பும் நெடியும் பூவாங்குறுந்தலுக்குக் கிடையாது. நகைக் கடையில் வைத்திருப்பார்களே, பத்து மடங்கு காட்டும் மடக்கு லென்ஸ், அது இருந்தால் சிறுபூக்களைப் பாருங்கள். பூவாங்குறுந்தலில் எல்லாம் ஒரே மாதிரி, ஐந்து முனை விரிந்த குழாய்கள். புளூமியாவில் வெளிவட்டத்தில் நூல் மாதிரி மெலிந்த சிறுபூக்கள் கூட்டமாக இருக்கும், நடுவில் மட்டும் கொஞ்சம் அகன்ற குழாய்கள். தலைக்குள் இரண்டு விதம் தெரிந்தால் பூவாங்குறுந்தல் இல்லை.

பூவே இல்ல. காஞ்ச தலை மட்டும் இருக்கு, இல்லன்னா வெறும் இலைக் கன்று. அப்ப சொல்ல முடியுமா?

காய்ந்த தலையில் சொல்லலாம். விதை பறந்ததும் செதில்கள் பின்னோக்கி மடங்கி விரிந்திருக்கும், அடுக்கு அப்போதும் தெரியும். நீளம் மாறி மாறிப் பல வரிசை என்றால் பூவாங்குறுந்தல் பக்கம், ஒரே நீளத்தில் ஒரே வரிசை என்றால் முயல்செவி. பறக்காத விதை ஒன்று மிச்சமிருந்தால் லென்ஸில் பாருங்கள், பூவாங்குறுந்தலில் நீண்ட வெள்ளை ரோமங்களின் அடியில் இன்னொரு குட்டை ரோம வட்டம் இருக்கும். முயல்செவியில் அந்தக் குட்டை வட்டம் கிடையாது.

இலைக் கன்றில் நான் பெயர் சொல்வதில்லை. இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, 'ஆஸ்டர் குடும்பம், கன்று' என்று மட்டும் எழுதிவிட்டு, மொட்டு வைத்த பிறகு திரும்பப் போய்ப் பார்க்கலாம். மார்கழியில் என்றால் அதிக நாள் காத்திருக்க வேண்டியிருக்காது.